புதுப்பிப்பு: அட்டெனலாலா, லோசார்ட்டனா?

மார்ஃபான் நோய்க்குறி (உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபணு நோய்; இதில் மகாதமனி விரியக்கூடும்) உள்ள என் மகனுக்கு, பீட்டா பிளாக்கரான (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து) அட்டெனலால் போதுமா, வேறு வகை ரத்த அழுத்த மருந்தான லோசார்ட்டனுக்கு மாற வேண்டுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நேற்று இதய மருத்துவரைப் பார்த்தோம்.

608 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், மகாதமனியின் வேர் (இதயத்திலிருந்து அது கிளம்பும் இடம்) விரியும் வேகத்தில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் படித்துத்தான் சோர்ந்து போயிருந்தேன். ஆனால் 'இதுவா, அதுவா' என்ற என் கேள்வியே தவறு; இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2022-ன் கட்டுரைப்படி, லோசார்ட்டன் வகை மருந்துகள் அந்த வேகத்தை ஏறக்குறைய பாதியாக்குகின்றன. பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கும் அந்தப் பலன் உண்டு.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) திரையில் வேரின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து அளந்து காட்டினார் மருத்துவர். அட்டெனலாலை நிறுத்தவில்லை, லோசார்ட்டனையும் சேர்த்திருக்கிறார். லோசார்ட்டன் பொட்டாசியத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால், அப்புறம் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்க்க ரத்தப் பரிசோதனை.

செலிப்ரலால் (இன்னொரு பீட்டா பிளாக்கர்) பற்றிக் கேட்டவருக்கு: அது வாஸ்குலர் ஈலர்ஸ்-டான்லாஸ் (ரத்தக் குழாய்களைப் பலவீனமாக்கும் இன்னொரு மரபணு நோய்) நோயாளிகள் 53 பேரிடம் சோதிக்கப்பட்ட மருந்து. எங்களுடையது வேறு நோய்.