ட்ரூரோ கப்பலா, திரைப்பாட்டா? அடுத்த போட்டிக்கு நம் பிள்ளைகள் எதை வாசிப்பது?

வெண்கலக்குழல் (சாட்ஸ்வொர்த்), செவ்வாய் இரவு 8.10

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் அணிவகுப்பு இசைக்குழுவை அறியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. மொத்தம் 46 பிள்ளைகள். ஊதுகுழல் 24, தாளம் 12, கொடியாட்டம் 10. ஆண்டுக்கு ஒரு முறை ஜோஹானஸ்பர்க் பக்கம் போய், ஒன்பது நிமிட நிகழ்ச்சியுடன் போட்டியில் இறங்குகிறோம். போன முறை நான்கு திரைப்பாட்டுகளை வாசித்தோம், நடுவில் டிரம் மட்டும் கொஞ்ச நேரம். கூட்டம் எழுந்து ஆடியது. ஏழு குழுக்களில் ஐந்தாம் இடம். நிகழ்ச்சிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று நடுவர் தாளில் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

இந்த முறை ஒரே கதையை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல். முதல் மூன்று நிமிடம் கடல். டிராம்போனும் சூசபோனும் மட்டும், தாளமே இல்லாமல். அடுத்தது கரும்புத் தோட்டம், ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில். கடைசியில் காவடி. அங்கே தவிலும் நாதஸ்வரமும் களத்துக்குள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு இதை மறுத்துவிட்டது. மக்களுக்குப் பிடிக்காது, கையில் பணமும் இல்லை என்பதுதான் காரணம். எனக்கு மனம் ஒப்பவில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் பேசட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்), செவ்வாய் இரவு 9.25

மறுத்தவன் நான்தான் மகளே. என் காரணத்தையும் எல்லோரும் கேட்கட்டும்.

மாதச் சந்தா 200 ராண்ட். 17 வீடுகளில் மூன்று மாத பாக்கி. அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் நாம் நிறுத்தவில்லை, நான் பொருளாளராக இருக்கும்வரை நிறுத்தவும் மாட்டேன். ஜோஹானஸ்பர்க் போவதற்கே சுமார் 570 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு ஒரு பஸ், கருவிகளுக்கு ஒரு லாரி, சுங்கச்சாவடிக் கட்டணம், இரண்டு இரவு தங்கல், 46 வயிறுகளுக்கு ஆறு வேளைச் சாப்பாடு. டிரம்பெட்டின் வால்வு ஒன்று பழுதானாலும் வெளிநாட்டுப் பொருள்தான் வர வேண்டும், ராண்ட் இறங்கும்போதெல்லாம் அதன் விலை ஏறுகிறது. நமக்குக் கைகொடுத்து வந்த ஒரு நிறுவனமும் இந்த ஆண்டு விலகிவிட்டது.

இத்தனையையும் இப்போது தாங்குவது எது? தீபாவளி ஊர்வலம், திருமணங்கள், பள்ளி விழாக்கள், கடைத் திறப்புகள். அங்கெல்லாம் கேட்பது திரைப்பாட்டு. திருமண வீட்டில் போய் மூன்று நிமிடம் கடலை வாசித்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? போட்டியில் வாசிப்பது ஒரே நாள். மற்ற நாள்களில் எல்லாம் நாம் பிழைக்க வேண்டும்.

இண்டியானா ரசிகன் (ஜோஹானஸ்பர்க்), புதன் காலை 6.50

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. சேலத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன் நான். அமெரிக்காவின் டிரம் கோர் போட்டிகளை, அதாவது ஊதுகுழலும் டிரம்மும் கொடியுமாக மைதானத்தில் அணிவகுக்கும் இளைஞர் குழுக்களின் போட்டிகளை, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 1972இல் முதல் இறுதிப் போட்டி நடந்தது. ஒரு குழுவில் 150க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இருப்பார்கள், 22 வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. உங்களுடைய இதே சண்டை அங்கே 1993இல் வெடித்தது.

ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு. 1991இல் வாகை சூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்கள் இருவரின் இசையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தூக்கி நிறுத்தும் வழக்கமான உச்சங்களை விட்டுவிட்டு, இறுக்கமான ஒரு நிகழ்ச்சியைச் செய்தார்கள். அரங்கில் இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. இறுதியில் கேடட்ஸ் என்ற குழு 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஆனால் இன்று அந்த ஆண்டைப் பற்றிப் பேசுபவர்கள் தோற்ற நிகழ்ச்சியைத்தான் அதிகம் பேசுகிறார்கள். அதன் பிறகு வந்த நிகழ்ச்சிகளில் உடலசைவும் இசையும் ஒன்றாகப் பின்னப்பட்டதற்கு அது வழிகாட்டியது. அந்தக் குழுவிலிருந்து வளர்ந்த பிளாஸ்ட் என்ற மேடை நிகழ்ச்சி 2001இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது பெற்றது.

நாலு திரைப்பாட்டு வாசித்த குழுவை யார் இப்படி நினைவில் வைப்பார்கள் ஐயா?

கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்), புதன் பகல் 1.15

தம்பி, பாதிக் கதையைச் சொன்னீர்கள். நானும் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த ஸ்டார் குழுவைத் தொடங்கியவர் பில் குக். மருத்துவக் கருவிகள் செய்யும் பெரும் நிறுவனத்தின் அதிபர். கூட்டம் கைதட்டாவிட்டால் என்ன, பஸ்ஸுக்கு டீசல் வந்துவிடும். நமக்கு அப்படி ஒரு குக் இருக்கிறாரா?

அன்று 0.1 புள்ளியில் வென்ற கேடட்ஸ் என்ன ஆனது? 1934இல் தொடங்கி, பத்து முறை வாகை சூடிய குழு. வழக்குகளும் பணநெருக்கடியும் சேர்ந்து 2024இல் மூடிவிட்டார்கள். சாண்டா கிளாரா வான்கார்ட் 2018இல் வென்றது, 2023இல் பணமில்லாமல் களத்துக்கே வரவில்லை. அவ்வளவு பெரிய குழுக்களுக்கே இந்தக் கதி. கலை சரியில்லாமல் அவர்கள் விழவில்லை. கணக்கு சாய்ந்ததால் விழுந்தார்கள்.

வெண்கலக்குழல் (சாட்ஸ்வொர்த்), புதன் பகல் 1.40

மாமா, நீங்கள் சொன்ன இரண்டு குழுக்களும் கலை லட்சியத்தால் விழவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் ட்ரூரோவை வேண்டாம் என்கிறீர்கள்?

டிரம் பிள்ளையின் தாய் (சாட்ஸ்வொர்த்), புதன் இரவு 10.05

நான் இசை படித்தவள் இல்லை. பாக்கி வைத்திருக்கும் 17 வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அண்ணன் அதைச் சொல்லிக் காட்டவில்லை, தெரியும். ஆனாலும் நானே சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதில் ஒரு பேச்சு இருக்கிறது.

போன ஆண்டு ஜனவரியில் கேப் டவுனில் என் தங்கை வீட்டில் இருந்தோம். 2ஆம் தேதி அங்கே கிளோப்ஸ் ஊர்வலம். அடிமைகளாக இருந்தவர்களுக்குக் கிடைத்த ஒரு நாள் விடுமுறையிலிருந்து வந்த விழா அது. சாட்டின் உடை, பாஞ்சோ, கூமா டிரம், வண்ணக் குடைகள். தெருவே அடைத்துக்கொண்டது. பிறகு வாரக்கணக்கில் ஸ்டேடியத்தில் போட்டி. அவர்கள் பணக்காரர்கள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய நிறத்தில் உடை தைக்கிறார்கள், உறுப்பினர்கள் ஆண்டு முழுதும் சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவர்கள் பாடும் மொப்பி பாட்டில் மெட்டு வானொலியில் கேட்டதாகவே இருக்கும், சொற்கள் மட்டும் அவர்களுடையவை. தங்கள் வட்டாரத்தில் நடந்ததைப் பாடுகிறார்கள். தெருவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவிகள் அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

என் மகன் என்னிடம் கேட்டான்: "அம்மா, நம் பாட்டு எது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் வாசிக்கும் நான்கு திரைப்பாட்டுகளையும் உலகில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வாசிக்கலாம். கப்பலில் வந்தவர்களின் கதையை நாம் வாசிக்காமல் யார் வாசிப்பார்கள்? ஆனால் அந்த மூன்று நிமிடக் கடல் பற்றி எனக்கும் பயம் இருக்கிறது, தங்கச்சி. என் மாமியார் முதல் நிமிடத்திலேயே எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

இண்டியானா ரசிகன் (ஜோஹானஸ்பர்க்), வியாழன் காலை 6.30

அக்கா சொன்ன கிழவிகள்தான் சரியான நடுவர்கள். டிரம் கோரில் 100 புள்ளியில் 40 பொது விளைவுக்கு. மீதி 30 இசைக்கு, 30 காட்சிக்கு. பார்ப்பவரை நிகழ்ச்சி என்ன செய்கிறது என்பதற்குத்தான் பெரும்பங்கு.

2008ஐச் சொல்ல மறந்துவிட்டேன். ஃபேண்டம் ரெஜிமென்ட் என்ற குழு ஸ்பார்டகஸ் கதையை எடுத்தது. அடிமை எழுந்து நின்ற கதை. இசை எளிமையானதல்ல, ஆனால் களத்தில் என்ன நடக்கிறது என்று குழந்தைக்கும் புரிந்தது. 98.125 எடுத்து புளூ டெவில்ஸை 0.025இல் வென்றார்கள். நீதி கேட்டு எழுந்த அடிமையை அரங்கமே எழுந்து நின்று வரவேற்றது. 1993இல் இல்லாத ஒன்று இதில் இருந்தது: பார்ப்பவர் பின்தொடர ஒரு ஆள்.

வெண்கலக்குழல் (சாட்ஸ்வொர்த்), வியாழன் மாலை 5.20

இதை ஏற்கிறேன். கடலை ஒன்றரை நிமிடமாக்குகிறேன். கையில் மூட்டையுடன் ஒரு பெண் பிள்ளை, கொடியாட்டக் குழுவிலிருந்து ஒருத்தி, முதலிலிருந்து கடைசிவரை களத்தில் இருப்பாள். காவடியை அவளே ஏந்துவாள்.

இப்போது பணம். மாமா, திரைப்பாட்டு இலவசம் என்று நினைக்கிறோம். ஒருவர் இயற்றிய பாட்டை நாம் ஊதுகுழலுக்கு மாற்றி எழுத உரிமையாளரின் அனுமதி வேண்டும். நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைக்கு இயற்றியவர் இறந்து 50 ஆண்டுகள்வரை பாதுகாப்புத் தருகிறது. நாம் இதுவரை ஒருவரையும் கேட்டதில்லை. ஒரு கடிதம் வந்தால் கட்ட வேண்டிய தொகையை யார் கொடுப்பது? நம் தாத்தாக்கள் பாடிய காவடிச் சிந்து மெட்டுக்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். திரைப்பாட்டுக் குழுவுக்கு நன்கொடை கேட்டு நான் ஏறாத படி இல்லை. "கல்யாண பேண்டா?" என்றே கேட்கிறார்கள். வரலாறும் கலையும் சொல்லித்தரும் இளைஞர் குழு என்று போய் நின்றால் கதவு வேறு மாதிரி திறக்கும். 1997இலிருந்து இந்த நாட்டில் ஃபீல்ட் பேண்ட் அறக்கட்டளை ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஊதுகுழலும் நடனமும் கற்றுத்தந்து, அதற்கென்று நிறுவனங்களின் பணத்தைத் திரட்டி வருகிறது. வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் நாம் அங்கீகாரம் பெற்றால், கொடுப்பவர் வரியில் கழித்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளாக அந்தப் படிவத்தை நாம் நிரப்பவே இல்லை.

கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்), வியாழன் இரவு 9.00

படிவம் என் தவறு. இந்த மாதமே நிரப்புகிறேன். ஆனால் அங்கீகாரம் வர நாளாகும், பஸ்ஸுக்கு முன்பணம் அதுவரை காத்திருக்காது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கலைஞர்களை அமர்த்தினால் அவர்களுக்கு என்ன கொடுப்பது? அவர்களை இலவசமாக வரச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மைக், ஒலிபெருக்கி வாடகை எவ்வளவு?

தவில் தாத்தா (மெரீபாங்க்), வெள்ளி காலை 5.45

மைக் எதற்கு? வெட்டவெளியில் ஊர் கேட்கச் செய்த கருவி நாதஸ்வரம். உங்கள் 24 குழலுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்கும். அமெரிக்காவில் மைக்கை அனுமதித்ததே 2004இல்தான் என்று என் பேரன் சொல்கிறான்.

கூலி பற்றிப் பிறகு பேசலாம். எனக்கு வேறு இரண்டு கவலைகள். முதலாவது சுருதி. உங்கள் டிரம்பெட் பி-பிளாட். எங்கள் நாதஸ்வரம் இரண்டு கட்டை, அதாவது டி. நாதஸ்வரத்தைத் திருகி மாற்ற முடியாது. பிள்ளைகள்தான் எங்கள் பக்கம் வர வேண்டும். அவர்களுக்கு விரல் பழக இரண்டு மாதம் ஆகும். மோகனம் மாதிரி ஐந்து சுரத்தில் வைத்தால் பிழைப்பார்கள்.

இரண்டாவது கால். மிஸ்ர சாபு ஏழு. முதல் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, இடது காலில் தொடங்கினால் அடுத்தது வலது காலில் தொடங்கும். முதல் எண்ணுக்கு இடது கால் என்றே பழகிய பிள்ளை அங்கே தடுக்கும், பின்னால் வருபவன் மோதுவான். இதை யோசித்தீர்களா?

வெண்கலக்குழல் (சாட்ஸ்வொர்த்), வெள்ளி பகல் 12.30

தாத்தா, அதற்காகவே பல இரவுகள் தூங்கவில்லை. அமெரிக்க மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, எட்டு காலடி வைத்தால் அடுத்த கோடு. ஒரு காலடி 57 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் கால்பந்து மைதானத்தில் அந்தக் கோடுகளே இல்லாததால் எங்கள் வரிசை எப்போதும் வளைந்தே போனது. போன வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே அடியில் ஏழு வைத்தால் சரியாக நான்கு மீட்டர்! அளவு நாடாவைப் பிடித்து நான்கு மீட்டருக்கு ஒரு கூம்பு வைத்தால் போதும், ஒவ்வோர் ஆவர்த்தனமும் ஒரு கூம்பில் முடியும். 14 அடியில் மறுபடி இடது கால் வந்துவிடுகிறது. நம் தாளம் இந்த மைதானத்துக்கு எட்டைவிடப் பொருந்துகிறது.

மாமா, காவடிப் பகுதியை மட்டும் தனியாக நான்கு நிமிடத்துக்கு வெட்டித் தருகிறேன். நடக்காமல், நின்ற இடத்தில் வாசிக்கலாம். தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும் கோயில்களில் அதைக் கேட்பார்கள். திருமணத்துக்கு இரண்டு திரைப்பாட்டுகளை, அனுமதி கேட்டு, வைத்துக்கொள்வோம்.

கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்), வெள்ளி இரவு 8.45

நான்கு நிமிடக் காவடியை விற்க முடியும் என்று எனக்கும் தோன்றுகிறது. கடல் பகுதியை இன்னும் நம்பவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

என் நிபந்தனைகள். சந்தா ஒரு ராண்ட் கூட ஏறக்கூடாது. புதிய சீருடை கிடையாது, பழையதன் மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். மே மாத முடிவுக்குள் பஸ் முன்பணம் கையில் இல்லையென்றால் ஜோஹானஸ்பர்க் கிடையாது, டர்பனிலேயே வாசிப்போம். அந்த நிலையிலும் ட்ரூரோவையே வாசிக்கச் சம்மதமா?

வெண்கலக்குழல் (சாட்ஸ்வொர்த்), வெள்ளி இரவு 8.52

சம்மதம். கப்பல் வந்து நின்றதே டர்பனில்தானே, மாமா.

டிரம் பிள்ளையின் தாய் (சாட்ஸ்வொர்த்), வெள்ளி இரவு 9.30

பஸ் பணத்துக்காகப் பிரியாணிச் சீட்டு அடித்து விற்கிறோம். பாக்கி வைத்திருக்கும் 17 வீட்டுப் பெண்களில் 11 பேரிடம் இன்று பேசிவிட்டேன், சமையல் எங்களுடையது. பானைகளைக் கோயிலில் தருவார்கள். அரிசியும் பருப்பும் மட்டும் யாராவது கடனாக வாங்கித் தர வேண்டும்.

தவில் தாத்தா (மெரீபாங்க்), சனி காலை 5.30

ஒரு மூட்டை அரிசி என் கணக்கில். கூலி பற்றிக் கேட்ட தம்பிக்கு: நாதஸ்வரக்காரருக்குக் கொடுங்கள், அவருக்குக் குடும்பம் இருக்கிறது. எனக்கு வண்டிச் செலவு போதும்.

நாளை மூன்று மணிக்கு மைதானத்துக்கு வருகிறேன். கூம்புகளை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை மட்டும் முதலில் நிறுத்து. எண்ணிக்கை சொல்லாதே. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று நான் வாயால் சொல்கிறேன். அந்த 14 அடியை அவர்கள் தடுக்காமல் நடந்துவிட்டால் தவிலை எடுக்கிறேன்.