மேற்கே போகும்போது மட்டும் கேட்ட சத்தம்: செயின் நேர்க்கோடு பற்றிச் சில அனுபவங்கள்

குடந்தை உறுப்பினர்:

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு செல்லும் சாலையில் ஆடி மாதத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மேல்காற்றின் பலம் தெரியும். மேடு பள்ளமே இல்லாத இந்த டெல்டாவில் கியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் காற்றே பதில். நான் பழையதாக வாங்கிய எட்டு கியர் சைக்கிளில், காற்றை எதிர்த்து மேற்கே போகும்போது பின்பக்கக் கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின்) பெரிய பல்சக்கரங்களுக்கு மாற்றினால் கரகரவென்று சத்தம் எழும். பெடலைச் சற்றே பின்னோக்கிச் சுழற்றினால் செயின் தானாகவே அடுத்த சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கிவிடும். காற்று முதுகில் இருக்கத் திரும்பி வரும்போதோ, சிறிய பல்சக்கரங்களில் ஓடுவதால், எந்தச் சத்தமும் இராது.

கியர் கேபிளை முறுக்கிப் பார்த்தும், செயினுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தும் பயனில்லாத நிலையில், சத்தம் ஒரு திசையில் மட்டும் வருவதே நோயின் குறி என்று எனக்குத் தோன்றியது. பெரிய பல்சக்கரங்கள் சக்கரக் கம்பிகளை ஒட்டி உள்பக்கமாகவும், சிறியவை வெளிப்பக்கமாகவும் இருக்கின்றன. ஆகவே முன்னால் பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்வீல் இருக்க வேண்டிய இடத்தைவிட வெளியே தள்ளி நிற்கிறது என்பதே பொருள்.

செயின்வீலும் கேசட்டின் நடுப்பகுதியும் பிரேமின் மையக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதுதான் செயின் நேர்க்கோடு; இரண்டையும் அளந்து பார்த்தேன். முன்பக்கத்திற்குச் சீட்டுக் குழாயின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு (என் பிரேமில் 28.6 மி.மீ., அதாவது பாதி 14.3), அதனுடன் குழாயின் ஓரத்திலிருந்து செயின்வீலின் பல் நடு வரை உள்ள தூரத்தைக் கூட்டினால், பிரேமின் மையக்கோட்டிலிருந்து செயின்வீல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது கிடைக்கும், எனக்குச் சுமார் 53 மி.மீ. வந்தது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 135 மி.மீ.; அதில் பாதியான 67.5 மி.மீ.யிலிருந்து, வலப்பக்கப் பிரேம் முனையின் உள்முகம் முதல் கேசட்டின் நடுப்பகுதி வரையுள்ள தூரத்தைக் கழித்தபோது 45.5 மி.மீ. மிஞ்சியது. ஏழரை மி.மீ. வேறுபாடு கண்ணுக்குச் சிறிது. ஆனால் எட்டு கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் இடைவெளியே 4.8 மி.மீ. தான் என்பதால், செயின்வீல் ஒன்றரைப் பல்சக்கர அளவுக்கு வெளியே போய்விட்டது என்று கொள்ளலாம்.

காரணமும் விரைவில் தெரிந்தது. முந்தைய உரிமையாளரோ அவர் சென்ற கடையோ, மூன்று செயின்வீல் கொண்ட கிராங்கை (பெடல் பூட்டும் கையும் செயின்வீலும் சேர்ந்த பாகம்) கழற்றிவிட்டு ஒற்றைச் செயின்வீல் கிராங்கை மாட்டியபோது, பழைய 122.5 மி.மீ. பி.பி. அச்சை (பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் சுழலும் அச்சு) அப்படியே விட்டிருந்தார்கள். கிராங்க், அச்சு, கேசட் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல சாமானாக இருந்தும், ஒன்றுக்கொன்று அளவு பொருந்தவில்லை. இருபுறமும் சமமாக நீளும் அச்சில், நீளத்தில் செய்யும் மாற்றத்தின் பாதிதான் செயின்வீல் பக்கம் வந்து சேரும். 110 மி.மீ. அச்சுக்கு மாறியதும் செயின்வீல் 6.25 மி.மீ. உள்ளே வந்தது, மீதி ஒரு மி.மீ. சொச்சம் கியர் சைக்கிளில் ஒரு பொருட்டல்ல. வாங்குவதற்கு முன், செயின்வீல் பல்லும் கிராங்க்கையும் பின்சக்கரத்துக்குச் செல்லும் கீழ்க்குழாயில் உரசாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று; எல்லாப் பிரேமிலும் அந்த இடம் இருக்காது.

மன்னார்குடி உறுப்பினர்:

குடந்தை அன்பருக்கு வணக்கம். தங்கள் கிராங்கில் செயின்வீல் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். போல்ட் போட்ட வகையாக இருந்தால், செயின்வீலைக் கிராங்க்கையின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றிப் பூட்டுவதாலேயே செலவின்றிச் சில மி.மீ. குறைந்துவிடும், அச்சை மாற்றுவதற்கு முன் அதைப் பார்ப்பது நலம்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா காலத்து ரோட்ஸ்டர். ஒற்றை ப்ரீவீல் வண்டியில் செயின் எப்போதும் ஒரே கோட்டில் ஓடுவதால், கோணல் இருந்தால் ஓட்டும் நேரமெல்லாம் பல்லைத் தின்றுகொண்டே இருக்கும். பின்சக்கர ஹப்பை மாற்றிய பிறகு எங்கள் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று. காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) அடித்த அந்தப் பழைய கிராங்குக்கு வேறு நீளத்தில் அச்சு கிடைப்பது அரிது என்பதால், கடைக்காரர் பின்பக்கத்தில் வேலை செய்தார்: ஹப் அச்சில் ஒரு பக்கத்து வாஷரை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு, ரிம் நடுவில் நிற்கும்படி கோட்டம் எடுத்துக் கொடுத்தார். நீண்ட எஃகு அளவுகோலைச் செயின்வீலின் பல்லோடு ஒட்டி வைத்துப் பின்னால் ப்ரீவீல் பல் அதே கோட்டில் விழுகிறதா என்று அவர் பார்த்த விதம், ஒற்றைப் பல் வண்டிக்குப் போதுமான சோதனை. கியர் சைக்கிளின் செயினை இதற்குப் போட வேண்டாம் என்றும் சொன்னார். அதன் உள் அகலம் 3/32 அங்குலம், ரோட்ஸ்டர் பல்லுக்கு 1/8 அங்குலம் வேண்டும்.

நாகப்பட்டினம் உறுப்பினர்:

அளவெல்லாம் சரி, பிரேம் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மீன் பெட்டி கட்டி ஓடிய ஒரு வண்டியில் சாமான்களை எவ்வளவு மாற்றியும் செயின் விழுந்துகொண்டே இருந்தது. பிரேமின் பின் முனையில் ஒரு நூலைக் கட்டி, ஹேண்டில் தண்டு நுழையும் பிரேமின் முன்குழாயைச் சுற்றி மறுபக்கத்துப் பின் முனைக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினோம். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இல்லை. பிரேமை நிமிர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம் ஒத்துவந்தது.

குடந்தை உறுப்பினர்:

மன்னார்குடி அன்பரின் ஊகம் சரி, ரிவெட் வகைதான். நூல் சோதனையும் செய்தேன். இரு பக்கமும் ஒத்திருக்கிறது. செயின் தேயும்போது அதே எட்டு கியர் செயினையே வாங்கப்போகிறேன். ஆறு, ஏழு கியர் வண்டிகளுக்கும் அதுவே பொருந்தும் என்பதால் எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது.