அம்மாவின் புடவைகளில் குவில்ட் தைக்க உதவுங்கள்

வணக்கம். மே மாதம் நான்கு நாள் கோவளம் பக்கம் ஒரு வீட்டில் தோழிகள் ஐந்து பேர் தங்கி, ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கப் போகிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவர் உடுத்திய ஒன்பது நூல் புடவைகளில் அவளுக்கு ஒரு போர்வை. அந்த வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் இது கெட்டுப்போகவே கூடாது.

சிவப்புச் சுங்குடியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்தேன், சாயம் ஒட்டியது. பக்கத்தில் வெளிர்மஞ்சள் புடவை வருகிறது. எத்தனை முறை அலசினால் நிற்கும்? கல்லுப்பு பலன் தருமா? அனுபவத்தில் சொல்லுங்கள்.

அப்புறம், நடுவில் வைக்க மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு சென்னையில் எங்கே கிடைக்கும்? நான் கேட்ட கடைகளில் பாலியஸ்டர்தான் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது புழுங்கும். வங்காளத்துக் காந்தா போல, பஞ்சே இல்லாமல் புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் போதுமா? எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

துணி நைந்த இடங்களில் கால் அங்குலத் தையல்விளிம்பு (தையலுக்கு வெளியே விடும் துணி) தாங்குமா என்பதையும் தைத்தவர்கள் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் திரும்ப வராத துணி.