இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு வீக்கம்: கிராபீன் ஜெல் தடவலாமா?

கடைவாய்ப்பல்:
அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் டைட்டானியம் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) இருக்கிறது. கொஞ்ச நாளாக அதைச் சுற்றி ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கிராபீன் ஆக்சைடு பல் கிருமிகளைக் கொல்லும் என்று படித்தேன். ஒரு ஜெல் விளம்பரமும் கண்ணில் பட்டது. "பென்சில் கரிதானே, தடவினால் என்ன?" என்கிறார் அப்பா. தடவலாமா?

நந்தன்:
கிராபீன் ஆக்சைடோடுதான் எனக்குத் தினமும் வேலை. அப்பா சொல்வது பாதி சரி. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒற்றை அணு ஏடுதான் கிராபீன். 2004-ல் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலவும் ஒட்டுநாடாவால் உரித்தே அதைப் பிரித்தார்கள். 2010-ல் நோபலும் வாங்கினார்கள். ஆனால் அதில் ஆக்சிஜன் சேர்ந்த ஆக்சைடு ஏடு வேறு சரக்கு. அதன் ஓரம் பாக்டீரியாவின் சவ்வைக் கீறும், ஆக்சிஜனேற்றத்தாலும் செல்லைச் சிதைக்கும். சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், ஈறு நோய்க்குக் காரணமான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் இரண்டையும் ஆய்வகத்தில் அது அடக்கியிருக்கிறது.

ஆய்வகம் வேறு, வாய் வேறு. சுத்தமான நீரில் இது தேன் நிறத்தில் சீராகக் கலந்து நிற்கும். அதையே உப்புக் கரைசலில் ஊற்றுங்கள், திரிதிரியாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். எச்சிலிலோ உப்பும் உண்டு, புரதமும் உண்டு. புரதம் ஏட்டின் மேல் போர்த்திக்கொண்டால் கீறும் வேலை பாதி போச்சு. அளவைக் கூட்டினால் ஈறு செல்களுக்கே ஆபத்து. அதனால் ஜெல்லை விட, இம்ப்ளான்ட்டின் மேலேயே பூச்சாகக் கொடுப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. ஏடு அங்கே ஒட்டி நிற்கும். எலும்பு செல்கள் பிடித்து வளரவும் உதவும். ஆனால் ஏற்கெனவே தாடையில் இருப்பதற்கு அந்தப் பூச்சு போட முடியாதே!

பல்செட்காரன்:
பல்செட் செய்யும் லேபில், செட்டைக் கடைந்தெடுக்கிற கிராபீன் கலந்த அக்ரிலிக் (பிளாஸ்டிக்) டிஸ்க் பார்த்திருக்கிறேன். கலப்பது துளியூண்டு, அதுவும் உறுதிக்காக. கூட்டினால் செட் சாம்பல் பூத்துவிடும், யார் மாட்டிக்கொள்வார்?

கடைவாய்ப்பல்:
சரி, ஜெல் வேண்டாம். அப்போ வீக்கத்துக்கு?

நந்தன்:
நான் பல் டாக்டர் இல்லை. ஆனால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ரத்தம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து எலும்பு கரைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஈறோடு நின்றிருந்தால் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எலும்பு வரை போயிருந்தால் வைத்தியம் நீளும். இந்த வாரமே கூட்டிப் போங்கள். அந்த ஜெல்லை ஏற்கெனவே தடவியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.