ராத்திரிக்கு யார் துணை?

தோத்திரம். "விசுவாசி மனுஷனிடம் போய் உதவி கேட்கலாமா, கர்த்தரிடம் கேட்டால் போதாதா?" என்று இங்கே ஒரு சகோதரர் கேட்டு, ஜார்ஜ் முல்லரைச் சொல்லியிருந்தார். பிரிஸ்டலில் 1836-இல் அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்தவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவர் பராமரிப்பில் வளர்ந்தார்கள், பணம் தாருங்கள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவும் அப்படித்தான். சரி. ஆனால் அது ஊழியப் பணத்தைப் பற்றி அவர்கள் எடுத்த தீர்மானம். நம்மில் பலர் வாய் திறந்து கேட்காததற்குக் காரணம் விசுவாசம் இல்லை, ரோஷம்.

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பெண்கள் வார்டு, ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை, மனைவி வர முடியாது. தங்கை மும்பையில். ஆராதனையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன், வாசலில் எல்லோரும் "ஜெபிக்கிறோம் தம்பி" என்றார்கள். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, மட்டும் நின்று, "ஜெபம் இருக்கட்டும். ராத்திரிக்கு யார் துணை?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். "அறிக்கையில வாசிச்சா அடுத்தவங்க போவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்குவாங்க. ஆள் பேர் சொல்லி, கிழமை சொல்லிக் கேளுங்க" என்று சொன்னதோடு, முதல் ராத்திரி அவர்களே வந்து இருந்தார்கள்.

வேதத்தில், எருசலேமின் அலங்கத்தைக் கட்டப் போன நெகேமியா செய்ததும் அதுதானே. ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றதும் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான், அதே மூச்சில் ராஜாவிடம் கேட்டான். பொத்தாம்பொதுவாக இல்லை: இன்ன அதிபதிகளுக்குக் கடிதம், வனத்துக் காவலாளன் ஆசாப் மரம் தர ஒரு கடிதம். அதற்கு முந்தின புஸ்தகத்திலேயே, வழித்துணைக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் பண்ணிப் புறப்பட்ட எஸ்றாவும் இருக்கிறான். இரண்டு பேருடைய பயணத்தையும் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார். அதனால் கேட்காதவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்கிறவனை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

சபையில் கேட்பது ஒருவகையில் சுலபம். எனக்குக் கஷ்டமாக இருந்தது சித்திக்குப் போன் போட்டதுதான். நிலப் பங்கீட்டுத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அசனத்தில்கூட, அதுதான் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில்கூட, எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வருவோம். அம்மாதான் "அவளக் கூப்பிடு, அவளுக்குத்தான் என் உடம்பு தெரியும்" என்றார்கள். சமாரிய ஸ்திரீயிடம் "தாகத்துக்குத்தா" என்று ஆண்டவர் இயேசுவே கேட்டார். யூதரும் சமாரியரும் சம்பந்தம் கலவாத காலத்தில். அதை நினைத்துக்கொண்டுதான் நம்பரை அழுத்தினேன்.

"சித்தி, நான்தான். அம்மாவுக்குத் துணைக்கு நாளை ராத்திரி இருக்க முடியுமா? முடியலேன்னா பரவாயில்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எந்த வார்டு?"

வந்தார்கள். பெட்பேன் வைத்து எடுத்ததிலிருந்து தலை பின்னிவிட்டது வரை எல்லாம் அவர்கள்தான். நிலத் தகராறு அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்போது போன் வருகிறது.

எல்லோரும் சரி என்று சொல்லவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா, "ராத்திரி தங்குறது எனக்கு ஒத்துக்காது தம்பி" என்று நேராகவே சொன்னார்கள். கேட்கும்போது "முடியாது" என்று சொல்ல அவர்களுக்கு இடம் விட வேண்டும், சொன்ன பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தாழ்மை என்று இதைத்தான் நான் நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்த அக்காவே என்னைத் தேடி வந்து, "வாக்கர் வாங்கியாச்சா? எங்க மாமியாரோடது பரண்ல சும்மா கிடக்கு" என்றார்கள். வாங்கவில்லை. அன்று சாயங்காலமே பைக்கில் போய் எடுத்து வந்தேன். ஒரு கால் ரப்பர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.