பொருள்: ஸ்டர்லிங் எஞ்சினின் 'டிரைவ் மெக்கானிசம்': 'பிணையல்' என்று வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வெளியே எரியும் நெருப்பின் சூட்டில் ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினில் 'டிரைவ் மெக்கானிசம்' என்ற உறுப்புக்கு நம் சொற்பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்குக் காரைக்குடி ஐயா 'இயக்கமைப்பு' என்கிறார். தொண்டித் தங்கை 'செலுத்தமைவு' என்கிறார். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் தையல் மெஷினுக்கும் விசைப்படகுக்கும்கூட அவை அப்படியே பொருந்தும். ஸ்டர்லிங் எஞ்சினில் இந்த உறுப்பு செய்கிற தனி வேலை அவற்றில் தெரியவில்லை என்பதுதான் என் தயக்கம்.

டீசல் எஞ்சினில் கிராங்க் என்ன செய்கிறது? பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுகிறது. பாம்பன், மண்டபம் பக்கத்து லேத் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டர்லிங் எஞ்சினில் அந்த வேலையும் உண்டு, அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. 1816இல் ராபர்ட் ஸ்டர்லிங் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில் வால்வு கிடையாது. உள்ளே அடைத்த காற்றோ ஹீலியமோ வெளியே போவதில்லை. அதைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளுவது இடம்பெயர்ப்பி (டிஸ்பிளேசர்). ஏறியிறங்கும் அழுத்தத்தை வாங்கி வேலை செய்வது பிஸ்டன். இடம்பெயர்ப்பி பிஸ்டனைவிடச் சுமார் 90 பாகை முந்தி ஓட வேண்டும். அந்த முந்தல் சுழியாகிவிட்டால் அடியில் எவ்வளவு நெருப்பு எரிந்தாலும் சக்கரம் சுற்றாது. முந்தல் பிந்தலானால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆக, இரண்டையும் ஒன்றோடொன்று கட்டி, இடையிலுள்ள வித்தியாசத்தைக் குலையாமல் காப்பதுதான் இந்த உறுப்பின் உயிர்நாடி.

அதனால்தான் 'பிணையல்' என்கிறேன். சூடடிக்கும் களத்தில் மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிடுவதற்கு நம் பக்கத்தில் இந்தப் பெயர்தான். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் தடம், ஆனால் ஒன்றை விட்டு ஒன்று போக முடியாது. பாம்புப் பிணையல் நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். பரவாயில்லை, அதிலும் இணைந்திருத்தல்தான் பொருள்.

இந்தச் சொல் வகைகளுக்கும் தாங்குகிறதா என்று பார்ப்போம். இரண்டு முளைகளை (தண்டு மாட்டும் கிராங்க் பின்களை) 90 பாகை தள்ளி வைப்பது கிராங்க் பிணையல். செய்ய எளிது. ஆனால் இணைப்புத் தண்டு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசும். எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாமே என்றால், அந்த எண்ணெய் சூடான பக்கம் ஏறிக் கரியாகி வெப்பமீட்பியின் (வாயு போகும்போது அதன் சூட்டை வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுக்கும் பாகம்) கம்பிவலையை அடைத்துவிடும். இந்தத் தொல்லைக்கு 1950களில் பிலிப்ஸ் நிறுவனத்தில் மெய்யர் என்ற பொறியாளர் கண்ட வழி சாய்சதுரப் பிணையல். பல்சக்கரத்தால் கோத்த இரண்டு கிராங்குகள் எதிரெதிராகச் சுற்றும். ஒவ்வொரு முளையிலிருந்தும் ஒரு தண்டு மேலேறி பிஸ்டன் நுகத்தை (பிஸ்டனோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தை) பிடிக்கும், இன்னொன்று கீழிறங்கி இடம்பெயர்ப்பி நுகத்தைப் பிடிக்கும். நான்கு தண்டுகளும் சேர்ந்து சாய்சதுரம் போலத் தெரியும். இடப்பக்கத் தள்ளலை வலப்பக்கத் தள்ளல் தின்றுவிடுவதால் பிஸ்டன் நேராக ஓடும். இங்கே ஒரு நுட்பம்: ஒவ்வொரு கிராங்கிலும் பிஸ்டனுக்கும் இடம்பெயர்ப்பிக்கும் முளை ஒன்றேதான், முந்தல் அமைப்பின் வடிவத்திலிருந்தே பிறக்கிறது. எதிரெடை வைத்தால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினையே அதிராமல் ஓட்டலாம். வள்ளத்தின் பலகையில் பூட்டுவதாக இருந்தால் இது சின்ன விஷயமில்லை. பாகங்கள் அதிகம், பல்சக்கரம் துல்லியமாகக் கடைய வேண்டும், அதுதான் விலை.

அப்புறம் அமெரிக்கர் ஆண்டி ராஸ் செய்த நுகம். இடம்பெயர்ப்பிக்குப் பதில் இரண்டு பிஸ்டன்கள் உள்ள வகையில் முக்கோண நுகம் ஒன்றே இரண்டையும் ஆட்டும், பக்கத் தள்ளல் மிகக் குறைவு. 'ராஸ் நுகப் பிணையல்' என்றால் போதும். பல சிலிண்டர் எஞ்சின்களில் வருவது, சுழலும் தண்டில் சாய்வாகப் பொருத்திய தட்டை வைத்துச் செய்யும் சாய்தட்டுப் பிணையல்.

'கிராங்க்' என்பதை மட்டும் மாற்ற வேண்டாம். 'வணரி' அகராதியில் இருக்கட்டும். கரையில் படகு எஞ்சின் பிரிக்கிறவர் வாயில் கிராங்க்தான் இருக்கிறது, அவருக்காகத்தானே எழுதுகிறோம். அதேபோல் அந்த 90 பாகை வித்தியாசத்துக்குக் 'கட்டக் கோணம்' (பேஸ் ஆங்கிள்) என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி. பட்டறையில் எது முன்னே, எது பின்னே என்று தெரிய வேண்டும். 'முந்துகோணம்' என்று எழுதினால் அது சொல்லிலேயே வந்துவிடும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், இந்த எஞ்சின் நம் கரைக்குப் பொருந்தக்கூடியது. வெளியே எது எரிந்தாலும் போதும், சீமைக்கருவேலமோ பனைமட்டையோ. குளிர்விக்கக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உப்பு தின்னாத குழாய் மட்டும் வேண்டும். ஐடிஐ முடித்த பையன் படத்தைப் பார்த்து இதைக் கடையப் போகிறான் என்றால், உறுப்பின் பெயரே அதன் வேலையைச் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் தீரவில்லை. 1964இல் வில்லியம் பீல் கண்டுபிடித்த கட்டற்ற பிஸ்டன் எஞ்சினில் கிராங்கும் இல்லை, நுகமும் இல்லை. வாயுவே சுருள்வில் போல நின்று முந்தலைக் காக்கிறது. கையால் தொடக்கூடிய கட்டு இல்லாத இடத்தில் பிணையல் என்று சொல்வது தகுமா? 'வாயுப் பிணையல்' என்று வைக்கலாம் என்பது என் கட்சி. காரைக்குடி ஐயா இதற்கு என்ன சொல்கிறார் என்று தெரிந்தபின் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து