சிவில் பாதுகாப்புக் குழுவில் சேரக் கேட்கிறார்கள், சேரலாமா?

மேட்டுலயத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி எங்கள் தேயிலைத் தோட்டம். உயர்தரம் முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சிங்கள வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை கிராம உத்தியோகத்தர் வந்து, "உங்கள் பிரிவிலிருந்து சிவில் பாதுகாப்புக் குழுவுக்கு ஓர் ஆள் தேவை. உனக்குச் சிங்களம் ஓடுகிறது. பெயரைக் கொடுக்கவா?" என்று கேட்டார். பொலிசோடு சேர்ந்து வேலை செய்யும் ஊர்மக்கள் குழு அது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் கடையில் நின்ற என் தாய்மாமனைச் சுற்றிவளைப்பில் பிடித்து, பதினொரு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அன்றிலிருந்து காக்கியைக் கண்டால் அம்மா கதவைச் சாத்திவிடுவார். "வந்தால் எழுந்து நில், போனால் உட்கார், கூடப் போகாதே" என்பது அவர் போட்ட சட்டம்.

சம்பளம் ஏதும் உண்டா? எனக்கு அதிகாரம் ஏதும் வருமா? பிறகு பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்தால் உதவுமா? இவற்றைவிட ஒரு பயம் இருக்கிறது. எங்கள் பிரிவில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், விற்பவர் எனக்குச் சித்தப்பா முறை. நான் சேர்ந்த மறுநாளே காட்டிக்கொடுப்பவன் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

தூறல்:

நான் இரண்டு வருடம் இருந்து பார்த்தவன். காலை ஒன்பதுக்குக் கூட்டம் என்பார்கள், பதினொன்றரைக்குத் தொடங்கும். அன்றைய பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போனது போனதுதான். தேர்த் திருவிழாவில் வாகனம் மறித்தேன், வெசாக் பந்தலுக்குக் கம்பு நட்டேன். ஒரு தொப்பி கொடுத்தார்கள், இரண்டாவது மழையில் சாயம் போய்விட்டது. சம்பளம் கிடையாது. வேலை கிடைக்கும் என்று நம்பிப் போகாதே தம்பி.

பிள்ளைக்காம்பரா அக்கா:

தம்பி, நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கடைசி ஆறு வருடம் இந்தக் குழுவிலும் இருந்தேன். எந்தத் தோட்டம், எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். தூறல் சொல்வதில் பொய்யில்லை. நானும் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியிருக்கிறேன், தேத்தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஆனால் அங்கே செய்வதற்கு ஒரு வேலை கிடக்கிறது. அதைச் செய் என்று யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மேல்பிரிவில் ஒரு பெண், கொழுந்தெடுப்பவள். ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில், அவள் காம்பராவின் பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கிறது. அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு சோடித் தோடு இல்லை. பொலிசுக்குப் போனாள். அன்று முறைப்பாடு எழுதியவருக்குத் தமிழ் அரைகுறை. இவளோ, லயத்துப் பேச்சுப் பேசினால் மதிக்க மாட்டார்கள் என்று பள்ளிக்கூடத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசியிருக்கிறாள். வீட்டில் "அந்திக்கு வந்தேன்" என்பவள், அங்கே போய் "மாலை வந்து பார்த்தேன், தோடு இல்லை" என்றிருக்கிறாள். சிங்களத்தில் மாலய என்றால் கழுத்தில் போடும் மாலை. தோடு என்ற சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மனிதர் எழுதிவிட்டார்: மாலை ஒன்று, தோடு ஒரு சோடி. இவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு டவுனில் ஓர் அடகுக் கடையில் தோடு அகப்பட்டது. மாலை எங்கே என்று பொலிஸ் கேட்டது. பிடிபட்ட பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான், மாலையைக் கண்ணால் கண்டதில்லை என்று. அவன் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. வீட்டில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. "எனக்குத் தெரியாமல் மாலை செய்து வைத்திருந்தாயா, காசு ஏது?" என்று புருஷன் பிடித்துக்கொண்டான். அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை, பாவம்.

அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தாள். கூடப் போனேன். எழுதியதை வாசிக்கச் சொன்னேன். சார்ஜன்ட் சிங்களத்தில் வாசித்துக்கொண்டு போனார். மாலய வந்ததும் நிறுத்தச் சொன்னேன். "நீ வீட்டில் எப்படிச் சொல்வாய், அப்படிச் சொல்லடி" என்றேன். "அந்திக்குத்தான் அக்கா வந்தேன்" என்றாள். நான் அந்திக்குச் சிங்களத்தில் "ஹவஸ" என்றேன். சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். முதலில் சிரித்தார், பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். மேலதிக வாக்குமூலம் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவைப் பார். வாயால் சொன்ன முறைப்பாட்டை எழுதினால், சொன்னவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். முறைப்பாட்டை எழுதியும் கொடுக்கலாம். தமிழ் அரச கரும மொழியாகி, 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து எத்தனை வருடம் என்று நீயே எண்ணிக்கொள். ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஈரச் சேலையோடு வருகிறவளுக்கு 109 தெரியுமா? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "ஒருமுறை தமிழில் சொல்லிக் காட்டுங்கள் சேர்" என்றால் போதும். உனக்குச் சிங்களம் ஓடுகிறது என்றால் இதற்கு ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, நான் பட்டது. அடிபட்டு வந்த ஒரு தாய் "அடிக்கடி அடிப்பார்" என்றாள். எனக்கு ஆத்திரம். சிங்களத்தில் சொல்லும்போது "தினமும்" என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு சொல்லை உருவி எடுத்துக்கொண்டார். "தினமும் என்றால், அவர் கொழும்பில் வேலைக்கு நின்ற இரண்டு மாதமும் எப்படி அடித்தார் அம்மா?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் சொன்னதை மட்டும் சொல். உன் இரக்கத்தை அதில் கலக்காதே.

இன்னொன்று. வீட்டு அடிதடி என்று ஒரு பெண் வந்தால், "குடும்பச் சண்டைதானே, பேசிச் சமாதானமாக்கி அனுப்பு தம்பி" என்று உன்னிடம் தள்ளப் பார்ப்பார்கள். ஏற்காதே. வேலித் தகராறு, ஆட்டுத் தகராறு எல்லாம் மத்தியஸ்த சபைக்குப் போகட்டும். அடி வாங்கியவளுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் நிலையத்துச் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்கு அழைத்துப் போ. உதவிக்குத் தொலைபேசி இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. இந்த இரண்டு இலக்கத்தையும் நான் பிள்ளைக்காம்பராக் கதவில் கரியால் எழுதி வைத்திருந்தேன். வெள்ளையடிக்கும்போது அழித்துவிட்டார்கள், மறுபடி எழுதினேன்.

பழைய காக்கி:

22 வருடம் சேவையில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். அக்கா எழுதியதை வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் எத்தனையோ மாலை எழுதியிருப்பேன். தமிழ் தெரிந்தவன் நிலையத்தில் நான் ஒருவன். நான் லீவில் போனால் வாசலில் தேங்காய் விற்பவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார்கள்.

தம்பி கேட்ட அதிகாரத்துக்கு வருகிறேன். குழுவில் சேர்ந்ததால் உனக்கு ஓர் அங்குல அதிகாரமும் கூடிவிடாது. கண் முன்னால் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், அதே சட்டக்கோவையின் 35ஆம் பிரிவின்படி எந்தக் குடிமகனும் ஆளைப் பிடித்துத் தாமதமின்றி ஒப்படைக்கலாம். அது உன் அம்மாவுக்கும் உண்டு. சோதனை போடுவது, அடையாள அட்டை கேட்பது, பையைத் திறக்கச் சொல்வது, இரவில் தடியோடு சுற்றுவது எதுவும் உன் வேலையில்லை. யாராவது தடியைக் கையில் கொடுத்தால் வாங்காதே. இன்னொரு குழப்பமும் உண்டு. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்பது வேறு, 2006இல் அமைத்த சம்பளப் படை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அங்கே சேர்ந்துவிட்டதாக நினைத்து ஏமாந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சித்தப்பா விஷயத்தைப் பொறுப்பதிகாரியிடம் முதல் நாளே, அவர் கேட்குமுன் சொல்லிவிடு: "இன்னார் எனக்கு உறவு, அந்தப் பக்கத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்." சுற்றிவளைப்புக்கு வழிகாட்டியாக ஜீப்பில் ஏறாதே. முன் சீட்டில் நீ உட்கார்ந்து வருவதைத் தோட்டம் முழுக்கப் பார்க்கும், பத்து வருடத்துக்கு மறக்காது. தகவல் சொல்ல விரும்புகிறவர்கள் பொலிஸ் அவசர இலக்கம் 119க்குத் தாங்களே பேசலாம், உன் வாய் தேவையில்லை.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நான் நல்லதண்ணியில் கடமையில் நின்றேன். டிசம்பரில் வரும் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை கூட்டம். அங்கே ஒரு தொண்டர் பெண், கூட வந்தவர்களைத் தவறவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பாட்டியிடம் ஊர் பெயர் கேட்கவில்லை, "நீங்கள் வந்த பஸ்ஸில் முன்னால் என்ன சாமி படம்?" என்று கேட்டார். முருகன், பக்கத்தில் பிளாஸ்டிக் மயில் என்றார் பாட்டி. இருபது நிமிடத்தில் பஸ்ஸைக் கண்டுபிடித்தோம். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

ஊவாக்காரன்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளை, கொழும்பில் வேலைக்குப் போன மகன், விருந்துக்கு வந்த மாமி, யார் அன்று வீட்டில் என்று யாருக்குத் தெரியும்? பிரிவுக்கு ஒருவர் காம்பரா வாரியாக ஒரு கொப்பி வைத்திருந்தாலே பெரிய உதவி. படுக்கையில் கிடப்பவர், கர்ப்பிணி, காது கேளாதவர், இவர்களை முதல் பக்கத்தில் எழுதிவிடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் நள்ளிரவில் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று அதைப் பார்த்தே தெரியும். ஆனால் அந்தக் கொப்பியை வேறு எதற்கும் யாரிடமும் கொடுக்காதே.

மேட்டுலயத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாலைக் கதைக்குச் சிரித்தார். கோர்ட்டுக் கதைக்குச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, "மாமாவைப் பிடித்த அன்று அவன் என்ன சொன்னான், என்ன எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியும்" என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கிராம உத்தியோகத்தரிடம் பெயர் கொடுக்கப் போகிறேன். சித்தப்பா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அம்மாவுக்கு ஒன்று தெரிய வேண்டுமாம். அந்தப் பெண்ணுக்குத் தோடு திரும்பக் கிடைத்ததா?

பிள்ளைக்காம்பரா அக்கா:

கிடைத்தது. வழக்குப் பொருள் என்று ஒன்றரை வருடம் கோர்ட்டில் கிடந்தது. அதுவரை காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகி வைத்திருந்தாள். பொதியைப் பிரித்த இடத்திலேயே ஈர்க்கை உருவிவிட்டுத் தோட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.